ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடம்

ஜூன் 9, செவ்வாய்

இன்று மட்டும் நூற்றுப் பதினான்கு சாய்கோடுகளைப் பிடுங்கினேன். எண்ணி வைத்திருக்கிறேன். நாளைக்கு முதலாளி, "என்னம்மா பண்ணீங்க நாள் பூரா?" என்று கேட்டால் சொல்ல ஒரு எண் வேண்டாமா?

எங்கள் புரோகிராம் பிறந்து வளர்ந்ததெல்லாம் ஒரே ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தில். ஆபீசில் அதற்கு 'வீட்டு சிஸ்டம்' என்று பெயர். இப்போது ஆஸ்பத்திரிக்காரர்கள், உங்கள் கணினி வேண்டாம், எங்கள் கணினியிலேயே ஓடட்டும் என்கிறார்கள். அங்கே இருப்பது வேறு சிஸ்டம். ஃபைல் எங்கே இருக்கிறது என்று பாதை எழுதினால் நாங்கள் ஒரு பக்கம் சாய்க்கும் கோட்டை அவர்கள் மறுபக்கம் சாய்க்கிறார்கள். அவர்களுடைய பாதையின் தலையில் ஓர் எழுத்தும் இரட்டைப் புள்ளியும் நிற்கும். ஆனால் ஃபைலின் பெயருக்குள் இரட்டைப் புள்ளி வரவே கூடாதாம். நானோ ஒவ்வொரு பதிவுக்கும் நேரத்தையே பெயராக வைத்திருக்கிறேன், நடுவில் இரட்டைப் புள்ளியோடு. பாதைகளையெல்லாம் கையாலேயே ஒட்டியிருக்கிறேன், ஃபோல்டர், சாய்கோடு, ஃபோல்டர், சாய்கோடு என்று. முப்பத்து மூன்று வயதில் எழுதியது. அந்த மகராசி இப்போது எதிரில் வந்தால் நாலு வார்த்தை கேட்பேன்.

இனிமேல் யாரும் கையால் ஒட்டக் கூடாது. ஒரே ஒரு ஃபங்ஷன். துண்டுகளை அதனிடம் கொடுத்தால், எந்த சிஸ்டத்தில் நிற்கிறோம் என்று பார்த்து அதுவே கோத்துக் கொடுக்கும்.

சாயந்திரம் அக்கா போன் செய்தாள். அவள் ஓட்டும் பள்ளிப் பேருந்தில் புதிதாக ஒரு வாண்டு சேர்ந்திருக்கிறதாம். "சிக்னல்ல நிக்கும்போது பின்னாடியிருந்து வந்து ஹாரன் அடிச்சிட்டு ஓடறான்டி. திட்டலாம்னு திரும்பினா சிரிப்பு வந்துடுது." பதினெட்டு வருடமாக அதே வேலை, முப்பத்தொரு பிள்ளைகள், இன்னும் அலுக்கவில்லை அவளுக்கு. நான் பொறாமைப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜூன் 12, வெள்ளி

இன்னும் அறுபத்தேழு. கண் பூத்துவிட்டது.

ஜூன் 18, வியாழன்

சோதனை. இது இதயத் துடிப்பைப் பதியும் கருவிக்கான புரோகிராம். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, சின்னப் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு இருபத்து நாலு மணி நேரம் திரிய வேண்டும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பெட்டி எழுதிக்கொண்டே போகும், நொடியில் நூறில் ஒரு பங்குக் கணக்கில். எழுபத்தைந்து, எண்பது, எழுபத்தெட்டு. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் எண்கள். என் புரோகிராம் அதைப் படித்து அறிக்கை தரும்.

ஆபீசில் நாங்கள் நாலு பேர், நாலு பேரும் ஆளுக்கு ஒரு நாள் கட்டிக்கொண்டோம். நாலு பேருக்கும் இரண்டு சிஸ்டத்திலும் ஒரே அறிக்கை. முதலாளிக்கு நடுவில் ஒரு துடிப்பாவது தவறியிருக்கும் என்று பந்தயம் கட்டியிருந்தோம். ஒன்றும் இல்லை. மனிதருக்குக் குதிரை இதயம்.

எங்கள் சோதனைக்காரருக்கு 'சந்தேகம்' என்று பட்டப்பெயர். காலை வணக்கம் சொன்னால்கூட ஏன் சொன்னோம் என்று யோசிப்பார். அவர் இன்றும் ஒன்று கிளப்பினார். "நாலும் நல்ல நெஞ்சு மேடம். சீக்காளி பதிவு ஒண்ணு ரெண்டு வேணும்."

"அதுக்கு அனுமதி வாங்கவே ரெண்டு வாரம் ஆகும். இருபத்தாறாம் தேதி ஆஸ்பத்திரியில வைக்கணும் சார். பாதை எல்லாம் சரியா போகுதில்ல?"

"போகுது."

"அப்புறம் என்ன?"

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

ஜூன் 26, வெள்ளி

ஆஸ்பத்திரியில் வைத்தாயிற்று. முதல் நாளே ஓடியது. ஒரு சாய்கோடுகூடத் தடுக்கவில்லை. முதலாளி கேக் வாங்கி வந்து எனக்குப் பெரிய துண்டாகக் கொடுத்தார். நானும் வெட்கமில்லாமல் தின்றேன். ஆறு வாரத்தில் ஒற்றை ஆளாக இவ்வளவு பெரிய புரோகிராமை வேறு சிஸ்டத்துக்கு மாற்றியிருக்கிறேன். யாரும் சொல்லாவிட்டால் என்ன, நானே எழுதி வைத்துக்கொள்கிறேன்: நல்ல வேலை.

ஜூலை 14, செவ்வாய்

அக்கா மயங்கி விழுந்துவிட்டாள்.

நல்லவேளை, வண்டி ஓட்டும்போது இல்லை. பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்டு, டிப்போவில் வண்டியை நிறுத்தி, சாவியைக் கொடுக்கப் போகும்போது. அரை நிமிடம்தானாம். எழுந்ததும் "வெயில்" என்று சொல்லியிருக்கிறாள். டிப்போ மேனேஜர் விடவில்லை. டாக்டர் கையெழுத்துப் போட்ட தாள் வரும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

போய்ப் பார்த்தேன். மாமா, அக்காவின் வீட்டுக்காரர், காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவள் படுத்தபடியே அவருக்கு எப்படி நறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒண்ணுமில்லடி. தண்ணி குடிக்கல, அவ்வளவுதான். பசங்க என்ன பண்ணுவாங்களோ தெரியல. அந்த டெம்பரரி ஆளு பிரேக்க மிதிமிதின்னு மிதிக்கிறான்."

அவளுக்குக் கவலையெல்லாம் பிரேக்கைப் பற்றித்தான்.

ஜூலை 22, புதன்

ஆஸ்பத்திரியின் டெக்னீஷியன் அம்மா போன் செய்தார். புரோகிராமில் குறை ஒன்றுமில்லை, சும்மாதான். பேச்சுவாக்கில் புலம்பினார். "மக்கள் திருந்த மாட்டாங்க மேடம். இருபத்து நாலு மணி நேரம் கழட்டாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொல்றேன். உங்க ரிப்போர்ட்ல பார்த்தா பாதியில 'கருவி கழற்றப்பட்டது'ன்னு வருது. கேட்டா கழட்டலன்னு சாதிக்கிறாங்க. நேத்து ஒரு தச்சர், மூணு மணி நேரத்துலயே கழட்டியிருக்காரு. சண்டைக்கே வந்துட்டாரு."

இருவரும் சிரித்தோம். "மெஷின் பொய் சொல்லாதுன்னு சொல்லுங்க" என்றேன்.

ஜூலை 30, வியாழன்

அக்காவுக்கு இன்று காலை பத்து மணிக்கு அதே ஆஸ்பத்திரியில் பெட்டி கட்டினார்கள். என் பெட்டி என்று பெருமையாகச் சொன்னேன். "இவ்வளவு கனமா செய்யணுமாடி?" என்றாள்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

கோபம் இன்னும் ஆறவில்லை. எழுதினால்தான் தணியும்.

அக்காவின் அறிக்கை வந்தது. ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடம் வரை பதிவு, எல்லாம் நல்ல துடிப்பு. அப்புறம் 'கருவி கழற்றப்பட்டது'. அதாவது காலை பத்திலிருந்து கணக்குப் போட்டால் சாயந்திரம் ஏழு பன்னிரண்டுக்கு.

நான் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். "ஏன்க்கா, ஒரு நாள் குளிக்காம இருக்க முடியலையா உன்னால?"

"நான் கழட்டல."

"சரி, சும்மா ஒயர் ஒண்ணு பிச்சுக்கிச்சா?"

"ஒண்ணும் பிச்சுக்கல. மறுநாள் காலைல பத்து மணிக்கு அந்தம்மா கழட்டற வரைக்கும் அப்படியே இருந்துச்சு. உங்க மாமாவைக் கேளு."

மாமா எதைக் கேட்டாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். இவளும் லேசுப்பட்டவள் இல்லை. டப்பாவுக்குள் கரண்டியை வைத்துக்கொண்டே "சர்க்கரையே தொடறதில்ல" என்பாள். சின்ன வயதிலிருந்தே அவள் சத்தியம் செய்தால் வீட்டில் எல்லோரும் சிரிப்போம், அவளும் சேர்ந்து சிரிப்பாள். அந்த நினைப்பில்தான் சொன்னேன். "அக்கா, உனக்கு வேலை போயிடுமோன்னு பயம். கழட்டிட்ட. ஒத்துக்கோயேன். அந்த புரோகிராம் நான் எழுதினது. அது பொய் சொல்லாது."

"அப்ப நான் சொல்றேனா?"

நான் பேசாமல் இருந்தேன். அதுதான் பதில் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்த முறை அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். ஐம்பத்திரண்டு வயதில் கூடப்பிறந்தவளை வெளியே போ என்று சொல்லாமல் சொல்லுகிறாள்!

வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5, புதன்

அவள் பேசவில்லை. நானும் பேசப்போவதில்லை.

ஆகஸ்ட் 7, வெள்ளி

மாமா போன் செய்தார், மாடிப்படியில் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி. டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். ஒன்பது மணி நேரம் சுத்தமாக இருக்கிறது, மறுபடி செய்ய இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும், அன்று மயங்கியது வெயிலாகத்தான் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமையிலிருந்து அக்கா வண்டி எடுக்கிறாள்.

"ரொம்ப சந்தோஷமா இருக்கா. உங்கிட்ட மட்டும்தான் இன்னும்..." என்று இழுத்தார்.

நல்லது. சந்தோஷமாக இருக்கட்டும். ஆனால் கழற்றினாள். அதை அவள் வாயால் கேட்காமல் எனக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது. என்ன பிறவி நான்?

ஆகஸ்ட் 8, சனி

வரிசையாக எழுதுகிறேன். வரிசையாக எழுதினால் ஒருவேளை வேறு மாதிரி முடியும்.

காலையில் சர்வீஸ் பார்க்கிற சாக்கில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவின் பெட்டியிலிருந்து வந்த ஃபைலைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன். அவளிடம் கேட்கவில்லை, டெக்னீஷியன் அம்மாவிடமும் சொல்லவில்லை. அனுமதி அது இது என்று 'சந்தேக'த்திடம் பேசிய அதே வாய்தான் இது. என் திட்டம் இவ்வளவுதான்: கழற்றிய நொடியைக் கண்டுபிடித்து, தாளில் அடித்து, அவள் முகத்துக்கு நேரே நீட்டுவது.

வீட்டில் வந்து என் கணினியில் ஓட்டினேன். வீட்டு சிஸ்டம்.

இருபத்து நாலு மணி நேரம். ஒரு லட்சத்து மூவாயிரத்து நானூற்றுப் பதினெட்டுத் துடிப்புகள்.

வேறு யாருடைய ஃபைலையோ எடுத்து வந்துவிட்டேன் என்று நினைத்தேன். பெயரைப் பார்த்தேன், எண்ணைப் பார்த்தேன். அக்காதான். ஆபீஸ் சாவி என்னிடம் இருந்தது. ஓடினேன். அங்கே ஆஸ்பத்திரி சிஸ்டம் போட்ட சோதனைக் கணினி ஒன்று இருக்கிறது. அதே ஃபைல், அதே புரோகிராம். ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடம். கருவி கழற்றப்பட்டது.

ஃபைலைப் பிரித்து எண்களை வெறும் கண்ணால் பார்த்தேன். நாற்பத்தோராயிரத்துச் சொச்சத்தில் ஒரு இடம். எழுபத்தெட்டு, எழுபத்தாறு, எழுபத்தொன்பது. அங்கேதான் ஆஸ்பத்திரி சிஸ்டம் நிறுத்துகிறது. அதற்கு அடுத்த எண் இருபத்தாறு.

ஐயோ.

எனக்குத் தெரியும். இந்தத் தொழிலில் இருபத்து மூன்று வருடமாக இருக்கிற எவளுக்கும் தெரியும். ஒரு ஃபைலைத் திறக்கும்போது, உள்ளே இருப்பது எழுத்தா, வெறும் எண்ணா என்று சொல்லித் திறக்க வேண்டும். வீட்டு சிஸ்டத்தில் எப்படிச் சொன்னாலும் ஒன்றுதான், அது கண்டுகொள்ளாது. ஆஸ்பத்திரி சிஸ்டம் கண்டுகொள்ளும். எழுத்து என்று திறந்துவிட்டு, நடுவில் இருபத்தாறு என்ற எண் வந்தால், அதற்கு 'இத்தோடு ஃபைல் முடிந்தது' என்று அர்த்தம். ஏதோ ஒரு காலத்தில் வைத்த வழக்கம், இன்னும் விடவில்லை. பதினான்கு வருடத்துக்கு முன்னால் நான் ஒன்றும் சொல்லாமல் திறந்தேன். சொல்லாவிட்டால் எழுத்து என்றுதான் கணக்கு. ஆறு வாரம் பாதையைப் பாதையை என்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். போய்ச் சேர்ந்த இடத்தில் எப்படித் திறக்கிறேன் என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

இருபத்தாறு என்றால் என்ன? இரண்டு துடிப்புக்கு நடுவில் கால் நொடி. நல்ல இதயம் உட்கார்ந்திருந்தாலும் ஓடினாலும் அந்த எண் வராது. எங்கள் நாலு பேருக்கும் வரவில்லை. இதயம் தறிகெட்டு ஓடும்போதுதான் வரும். அக்காவுக்கு அந்த இடத்தில் இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தைந்து, இருபத்தாறு என்று வரிசையாக இருபத்திரண்டு துடிப்புகள். அப்புறம் ஒரு நூற்று நாற்பது. அப்புறம் எண்பது, ஒன்றுமே நடக்காத மாதிரி. அதற்குப் பிறகு இதே மாதிரி இன்னும் ஐந்து இடங்கள். விடியற்காலையில் வந்தது எழுபத்து மூன்று துடிப்பு நீளம்.

அப்படியென்றால் என் புரோகிராம் நோய் இல்லாதவர்களை முழுசாகப் படிக்கிறது. நோய் தலையைக் காட்டும் அந்த நொடியில் படிப்பதை நிறுத்திவிட்டு, இதுவரை எல்லாம் நலம், ஆள்தான் கழற்றிவிட்டார் என்று சொல்கிறது.

கழற்றப்பட்டது. அந்த வார்த்தையை எழுதியதும் நான்தான். முதன்முதலில் சோதித்தபோது இரண்டு பேர் குளிக்கப் போய்க் கழற்றினார்கள், அந்தக் கோபத்தில் எழுதினேன். பதிவு நின்றது என்று எழுதியிருக்கலாம். நின்றது மட்டும்தானே எனக்குத் தெரியும்? யார் கழற்றினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அக்கா கழட்டல. அவ சொன்னாளே. கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு நின்னாளே.

திங்கட்கிழமை வண்டி எடுக்கிறாள். இன்று சனி. இப்போதே கிளம்புகிறேன்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

நேற்று நான் போனபோது அக்கா யூனிஃபார்ம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, நீ கழட்டல."

இஸ்திரிப் பெட்டி நின்றது. "என்ன?"

"நீ கழட்டல. என் புரோகிராம்தான் தப்பு. நான்தான் தப்பு."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்! "ஏங்க, இங்க வாங்க! உங்க மச்சினி என்ன சொல்றா கேளுங்க! அதான் அன்னிக்கே தலைதலையா அடிச்சுக்கிட்டேனே!" மாமா ஓடி வந்தார். அவள் என் கன்னத்தைக் கிள்ளினாள். அந்த ஒரு நிமிடம் அவள் அப்படியே இருக்கட்டும் என்று இருந்தது.

அப்புறம் மீதியைச் சொன்னேன். ஏழு பன்னிரண்டுக்கு என்ன செய்தாய் என்று கேட்டேன். யோசித்தாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை, தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினாளாம். "படபடன்னு வந்துச்சு. ஒரு நிமிஷம் செவத்தப் புடிச்சுக்கிட்டு நின்னேன். மாடி ஏறினா யாருக்குத்தான் வராது?"

அவளுக்கே புரிந்துவிட்டது. கேட்க வேண்டியதை மட்டும் கேட்டாள்.

"அப்ப திங்கக்கிழமை?"

கூடாது என்று தலையை ஆட்டினேன்.

சுவிட்சை அணைத்தாள். பாதி இஸ்திரி போட்ட சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "என்னைப் பொய்க்காரின்னு சொன்னது உன் மெஷின் இல்லடி. அதுக்கு என்ன தெரியும்? நீதான் சொன்ன." பிறகு, "டிப்போவுக்கு நீயே போன் பண்ணு. என் வாயால என்னால சொல்ல முடியாது" என்றாள்.

அவள் எதிரிலேயே பேசினேன். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். டூட்டி டாக்டர் எண்களைக் கேட்டதும், இப்போதே அழைத்து வாருங்கள், நடக்கவிடாமல் கூட்டி வாருங்கள் என்றார். நேற்று சாயந்திரமே சேர்த்தாயிற்று. இன்று முழுவதும் அவள் கட்டில் பக்கத்தில் இருந்தேன். மாமாவிடம் பேசினாள், நர்சிடம் பேசினாள், பக்கத்துக் கட்டில்காரியிடம் முப்பத்தொரு பிள்ளைகளின் கதையையும் சொன்னாள். என்னிடம் மட்டும் பேசவில்லை. தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடித்தாள்.

ஆகஸ்ட் 10, திங்கள்

முதலாளியிடம் சொன்னேன். மனிதர் கெட்டவர் இல்லை. வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். "சரி பண்ணி இன்னிக்கே அனுப்பிடலாம்மா. அனுப்பிட்டு, புது வெர்ஷன் போட்டாச்சு, பழைய பதிவெல்லாம் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கன்னு பொதுவா ஒரு கடுதாசி..."

"பொதுவா எழுதினா யாரும் ஓட்ட மாட்டாங்க சார். நமக்கு வர கடுதாசிய நாம படிக்கிறோமா?"

"உங்க அக்கா விஷயம்கிறதால இவ்வளவு அவசரப்படறீங்க."

சுருக்கென்றது. உண்மைதானே? அக்காவாக இல்லாவிட்டால் அந்த ஃபைலை நான் திறந்திருக்கவே மாட்டேன். தச்சர் சண்டை போட்டார் என்றதும் சிரித்தவள்தானே நான். "ஆமா சார்" என்றேன். "அதனாலதான் மத்தவங்களுக்கும் சேத்துச் சொல்றேன்."

அவரே போனை எடுத்து ஆஸ்பத்திரித் தலைமை டாக்டரைக் கூப்பிட்டார். "எங்க தப்பு" என்று இரண்டு தடவை சொன்னார். அந்த வார்த்தைக்காக அவருக்கு இன்னும் பத்து வருடம் உழைக்கலாம்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

திருத்தம் போட எவ்வளவு நேரம் ஆயிற்று என்றால் சொல்லவே வெட்கம். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்தது. இது எண், கை வைக்காமல் அப்படியே கொடு என்று சொல்லித் திறப்பது. அவ்வளவுதான்.

அறிக்கையின் வாசகத்தையும் மாற்றினேன்: 'பதிவு இத்துடன் நிற்கிறது. காரணம் தெரியவில்லை.'

'சந்தேகம்' படித்துவிட்டு, "காரணம் தெரியலன்னு புரோகிராமே சொன்னா சிரிக்க மாட்டாங்களா மேடம்?" என்றார்.

"சிரிக்கட்டும் சார்." பிறகு சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நீங்க சீக்காளி பதிவு வேணும்னு கேட்டீங்க. நான்தான் அடக்கிட்டேன்."

சாயந்திரம் அவர் போகும்போது என் மேசையில் ஒரு காகிதம் வைத்துவிட்டுப் போனார். அடுத்த தடவை சோதிக்க வேண்டியவை என்று நாற்பது கேள்விகள். நாற்பதும் நியாயமானவை.

ஆகஸ்ட் 13, வியாழன்

'கழற்றப்பட்டது' என்று வந்தவர்கள் மொத்தம் பதின்மூன்று பேர். தலைமை டாக்டரின் எழுத்து அனுமதியோடு எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினோம். இரண்டு பேர் நிஜமாகவே கழற்றியிருக்கிறார்கள். மீதிப் பதினோரு பேருக்கும் அதே எண்தான். டெக்னீஷியன் அம்மா ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டார். ஒன்பது பேர் வந்துகொண்டிருக்கிறார்கள். அக்கா ஏற்கெனவே உள்ளே. தச்சர் மட்டும் "உங்க சங்காத்தமே வேணாம்" என்று போனை வைத்துவிட்டாராம். நாலு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

அவருடைய பதிவைப் பார்த்தேன். அக்காவினுடையதைவிட மோசம்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

தச்சரைத் தேடி நானே போனேன். டெக்னீஷியன் அம்மாவும் வந்தார். மரப்பட்டறை, வாசலிலேயே இழைப்புத்தூள். அவர் ஒரு கதவுச் சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தார். அறுபது இருக்கும். அந்த அம்மாவைக் கண்டதும் உளியை எடுத்து வேறு இடத்தில் வைத்தார், கையில் இருந்தால் நல்லதில்லை என்பது போல.

"ஐயா, நீங்க கழட்டினீங்கன்னு எழுதினது நான்தான்" என்றேன். "ஆஸ்பத்திரி இல்ல. நான் எழுதின புரோகிராம். நீங்க கழட்டல. நீங்க சொன்னதுதான் நிஜம்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மூணு வாரம் ஆச்சும்மா. என் வீட்டுக்காரி லீவு போட்டு என்னைக் கூட்டிட்டுப் போனா. நான் ஏமாத்திட்டேன்னு நெனச்சு இன்னும் சரியா மொகம் குடுத்துப் பேசல. நாப்பது வருஷத்துல அவகிட்ட ஒரு பொய் சொன்னதில்ல நானு."

அவர் உள்பக்கம் கையைக் காட்டினார்.

"உள்ளதான் இருக்கா. எங்கிட்ட சொன்னத அவகிட்ட சொல்றீங்களா?"

போய்ச் சொன்னேன். அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு கணவரைப் பார்த்து, "நாளைக்கு எத்தனை மணிக்குப் போகணும்னு கேளுங்க" என்றார். அவ்வளவுதான். அவர் உடனே சட்டையை மாட்டிக்கொண்டார், நாளைக்கு என்று சொன்னதைக்கூடக் கேட்காமல். அப்படியே கூட்டி வந்துவிட்டோம்.

செப்டம்பர் 3, வியாழன்

அக்காவின் நெஞ்சுக்குள் ஒரு சின்னப் பெட்டி வைத்தார்கள். இதயம் மறுபடி தறிகெட்டால் அதுவே ஓர் அடி கொடுத்து வழிக்குக் கொண்டுவருமாம். நன்றாக முடிந்தது. கண் விழித்ததும் என்னைப் பார்த்து, "இதையும் நீதான் எழுதினியா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. வேற யாரோ."

"அப்பாடா."

இருபத்தாறு நாள் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு. வராந்தாவுக்கு வந்து அழுதேன்.

செப்டம்பர் 18, வெள்ளி

டாக்டர் இன்று தெளிவாகச் சொல்லிவிட்டார். உள்ளே பெட்டி வைத்தவர்கள் பள்ளிப் பேருந்து ஓட்டக் கூடாது. ஆறு மாதம், ஒரு வருடம் என்றெல்லாம் இல்லை. எப்போதுமே கூடாது.

அக்கா, "சரிங்க டாக்டர்" என்றாள். டாக்சியில் வரும்போது ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீடு நெருங்கும்போது சொன்னாள்: "நீ வரலன்னா அந்தத் திங்கக்கிழமை எடுத்திருப்பேன்டி. பாலத்து மேல ஏறும்போது வந்திருந்தா?" என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டாள், வலிக்கும் அளவுக்கு.

நவம்பர் 5, வியாழன்

பெரிய வண்டி ஓட்டும் உரிமத்தைத் திருப்பிக் கொடுக்க அக்கா இன்று போனாள். தபாலில் அனுப்பினாலே போதும். நேரில்தான் கொடுப்பேன் என்று அடம் பிடித்தாள். மாமாவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

படிவத்தில் ஒரு கட்டம்: 'உடல்நிலைக் குறையைக் கண்டறிந்தவர்.' அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 'என் தங்கை' என்று எழுதினாள். கவுண்டரில் இருந்தவர் படித்துவிட்டுத் திருப்பித் தள்ளினார். "இங்க டாக்டர் பேர் எழுதணும்மா."

"டாக்டர் நல்லா இருக்குன்னுதான் கையெழுத்துப் போட்டாரு. கண்டுபிடிச்சது இவதான்."

"அக்கா" என்று அவள் முழங்கையைத் தொட்டேன். மறைத்ததும் நான்தானே என்று சொல்ல வந்தேன். அவளுக்கு அது தெரியும். படிவத்தை மறுபடி அவர் பக்கம் தள்ளினாள். அவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, ஓரத்தில் டாக்டர் பெயரைத் தானே சின்னதாக எழுதிக்கொண்டு முத்திரை குத்தினார். அக்கா எழுதியதை அடிக்கவில்லை.

திரும்பும்போது பஸ். டிரைவருக்குப் பக்கவாட்டில் இருந்த முன் சீட்டைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். வழியெல்லாம் அடுத்த வாரம் என்ன துணி எடுப்பது, மாமாவின் பல்வலி என்று ஏதேதோ பேசிக்கொண்டே வந்தாள். நானும் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் அவளுடைய இடது கால் தரையை அழுத்தி அழுத்தி எழுந்தது.